தளவிளைவு காக்கும் துடிப்பு இழை லேசர்

எர்பியம் அல்லது இட்டர்பியம் கலந்த கண்ணாடி இழையில் ஒளியைப் பெருக்கி, ஒரே தளத்தில் அதிரும் மிகக் குறுகிய துடிப்புகளாக வெளிவிடும் லேசர். துடிப்பின் நீளம் ஃபெம்டோநொடிக் கணக்கில் அமையும். ஃபெம்டோநொடி என்பது நொடியில் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. எர்பியம் 1550, இட்டர்பியம் 1030 நானோமீட்டர் அருகே ஒளிரும். ஒளி சுற்றிவரும் இழை வளையத்தின் நீளம் 5 மீட்டர் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 4 கோடித் துடிப்புகள் கிடைக்கும்.

தொடர் ஒளியைத் துடிப்பாக்க, வலுத்த ஒளியை விட்டு மங்கிய ஒளியைத் தடுக்கும் வாயில் ஒன்று வளையத்தில் வேண்டும். சாதாரண இழையில் இது மலிவாகவே கிடைக்கிறது. ஒளி வலுக்கும்போது அதன் தளவிளைவு நிலை, அதாவது ஒளி அதிரும் தளம், தானாகச் சுழலும். அடுத்து, ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவாக்கியை வைத்தால் துடிப்பின் உச்சி மட்டும் கடந்துபோகும். ஆய்வக மேசையில் அருமையாக ஓடும் இந்த ஏற்பாடு, அறை சற்றுச் சூடானாலோ இழையில் கை பட்டாலோ நின்றுவிடும். வளைவும் வெப்பமும்கூட அந்த நிலையைத் திருப்பிவிடுவதே காரணம்.

இதற்கு மாற்று பாண்டா இழை. ஒளி ஓடும் உள்ளகத்தின் இருபுறமும் போரான் கலந்த இரு கண்ணாடித் தண்டுகள் இருக்கும். குறுக்கே வெட்டிப் பார்த்தால் பாண்டாக் கரடியின் முகம்தான். இழை குளிரும்போது தண்டுகள் கூடுதலாகச் சுருங்கி உள்ளகத்தை இழுத்துப் பிடிப்பதால், ஒளிக்கு வேக அச்சு, மெது அச்சு என இரு பாதைகள் உண்டாகும். ஓர் அச்சில் செலுத்திய ஒளி பெரும்பாலும் அதிலேயே நிற்கும். ஆனால் சுழல இடமில்லாததால் பழைய வாயில் பயன்படாது. எனவே மங்கிய ஒளியை விழுங்கி வலுத்த ஒளியைத் திருப்பும் குறைகடத்தி ஆடியை வைப்பார்கள். உர்சுலா கெல்லர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய அந்த ஆடி எளியது, ஆனால் நாளடைவில் பழுதாகக்கூடும். ஒளியை இருதிசையில் பிரித்துச் சுற்றவிட்டுக் குறுக்கீட்டால் வடிகட்டும் இழைக் கண்ணியில் அந்தத் தொல்லை இல்லை. இவ்வகையில் 9 என்ற எண்ணின் வடிவில் அமைந்த லேசர் தானே துடிக்கத் தொடங்கும்.

உழைப்பை வாங்குவது இழைகளை ஒட்டும் வேலைதான். இரு இழைகளின் அச்சுகள் சில பாகை விலகினாலும் மற்ற அச்சில் ஒளி கசிந்து, வேறு வேகத்தில் ஓடித் துணைத்துடிப்புகளாக முளைக்கும். இழைக்கு ஆற்றல் தரும் ஊட்டொளியை அளவுக்கு மீறி ஏற்றினால் துடிப்பு இரண்டாக உடையும்.

2015 ஏப்ரலில் சுவீடனின் கிருனா அருகிலிருந்து ஏவப்பட்ட டெக்சஸ்-51 ராக்கெட்டில், துடிப்பு இழை லேசரில் இயங்கும் அதிர்வெண் சீப்பு (சம இடைவெளியில் அமைந்த பல அதிர்வெண்களைத் தரும் ஒளிமூலம்) ஒன்று விண்வெளியைத் தொட்டுத் திரும்பியது.