அல்ஹம்ராவைச் செப்பனிட்டவர்கள்

கர்னாத்தாவின் வீழ்ச்சியைப் பற்றி நம் மேடைகளில் கண்ணீர் மல்கப் பேசுவோர் பலர். ஹிஜ்ரி 897இல், அதாவது கி.பி. 1492 ஜனவரி 2ஆம் நாள், நஸ்ரி வம்சத்தின் கடைசி மன்னர் அபூ அப்தில்லாஹ் நகரை ஒப்படைத்ததோடு அவ்வுரைகள் முடிந்துவிடும். அதன் பின் அல்ஹம்ரா கோட்டைக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்வார் இல்லை. அந்த ஐந்நூறு ஆண்டு வரலாறும் அறியத் தக்கதே.

புதிய ஆட்சியாளர்கள் அதை இடித்துத் தள்ளவில்லை. அழகு அவர்களையும் மயக்கியது. ஆயினும் 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் நஸ்ரி அரண்மனைகளை ஒட்டியே தமக்கென ஒரு கல் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். மன்னர் அவை கூடிய மிஷ்வார் மண்டபம் பிற்காலத்தில் கிறிஸ்தவ வழிபாட்டறையாக்கப்பட்டது. 1590இல் அருகே வெடிமருந்து வெடித்ததில் பல அறைகள் சேதமுற்றன. பின்னர் அரச குடும்பங்களும் அதை மறந்தன. ஏழைகளும் நாடோடிகளும் குடியேறினர். 1812இல் நெப்போலியனின் படை பின்வாங்கும்போது கோபுரங்கள் சிலவற்றை வெடிவைத்துத் தகர்த்துச் சென்றது. 1829இல் அங்கே தங்கிய அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங், தம் நூலால் அச்சிதைவை உலகறியச் செய்தார்.

அதன் பின்னரே செப்பனிடும் பணி சூடு பிடித்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

19ஆம் நூற்றாண்டில் அப்பணியை ஏற்ற ரஃபாயேல் கொன்த்ரேராஸ் கைத்திறன் மிக்கவர். சுதைச் சிற்பங்களை அச்செடுத்து வார்த்துப் பதித்தார். வெளிறியவற்றுக்கு வண்ணம் தீட்டினார். 1859இல் சிங்க முற்றத்தின் கிழக்கு மண்டபத்தின் மேல், பளபளக்கும் வண்ண ஓடுகள் வேய்ந்த ஒரு குவிமாடத்தையும் எழுப்பினார். நஸ்ரி மன்னர்கள் அத்தகைய குவிமாடம் ஒன்றை அங்கே கட்டியதே இல்லை. கிழக்கத்தியக் கட்டடம் என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று ஐரோப்பியர் கொண்டிருந்த கற்பனையே அங்கே வடிவெடுத்தது.

1923இல் பொறுப்பேற்ற கட்டடக்கலைஞர் லியோபோல்தோ தோரெஸ் பல்பாஸ் வேறு வழியில் சென்றார். எஞ்சியிருப்பதைக் காப்பதே முதற்கடமை; இழந்ததைக் கற்பனையால் நிரப்பலாகாது என்பது அவர் கொள்கை. சிற்பம் உதிர்ந்த இடத்தில் வெறும் சுதையைப் பூசி விட்டார். எது பழையது, எது புதியது என்பதைப் பார்ப்பவர் அறியவேண்டும் என்று எண்ணினார். 1934இல் அந்தக் குவிமாடத்தை அகற்றி, எளிய ஓட்டுக் கூரையை அமைத்தார். எழுபத்தைந்து ஆண்டுகள் கண்டு பழகிவிட்ட நகரத்தார் பலர் சினந்தெழுந்தனர். பொய்யும் பழகிவிட்டால் மரபாகிவிடுகிறது போலும். 1936இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் பதவியிழந்தார். ஆயினும் இன்று நாம் காணும் அல்ஹம்ரா பெரிதும் அவர் காத்துக் கொடுத்ததே.

அவர் முஸ்லிமல்லர். ஆனால் அமானிதம் என்று நாம் சொல்வதை அவர் பேணியதாகவே நான் கருதுகிறேன். ஏனெனில் அச்சுவர்களில் இருப்பது வெறும் பூவேலைப்பாடு அன்று; எழுத்து. அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனுமில்லை என்ற நஸ்ரி வம்சத்தின் முழக்கம் அங்கே எண்ணற்ற முறை பொறிக்கப்பட்டுள்ளது. முதலாம் யூசுஃப் கட்டிய தூதர் மண்டபத்தில், மரக்கூரையின் கீழ் விளிம்பைச் சுற்றிச் சூரத்துல் முல்க் ஓடுகிறது. அதற்கு மேலே எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட மரத்துண்டுகள் ஏழு அடுக்கு வானங்களாக எழுகின்றன. அந்த சூரா பேசும் வானங்களே அவை என்பதை ஓதத் தெரிந்தவர் அண்ணாந்து பார்த்ததும் உணர்வர். ஓதத் தெரியாதவருக்கு அது வடிவக் கணிதம் மட்டுமே. எழுத்தை வாசிக்க இயலாத கை அதை அச்செடுத்து வேறிடத்தில் ஒட்டினால் என்னாகும் என்பதை விளக்கத் தேவையில்லை.

மிஷ்வாரை ஒட்டிய சிறு தொழுகையிடத்தையும் பாருங்கள். 1590 வெடிப்பில் சிதைந்த அது 1917இல் சீரமைக்கப்பட்டது. மிஹ்ராப் இருக்கிறது, ஆனால் தரை பழைய மட்டத்தில் இல்லை, தாழ்ந்துவிட்டது. தரையில் அமர்ந்தவர் கண்ணுக்கு நேராகப் பள்ளத்தாக்கும் அல்பாய்ஸின் குன்றும் தெரியும்படி அமைத்த சாளரங்கள், இன்று உயரத்தில் நிற்கின்றன.

இனி ஒரு கூரையைப் பற்றி. பர்தால் மாளிகையின் கோபுர அறையில் இருந்த மரக்கூரையை, அதன் உரிமையாளராயிருந்த ஜெர்மானிய வங்கியாளர் ஆர்தர் ஃபான் க்வின்னர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கழற்றித் தம் நாட்டுக்குக் கொண்டு சென்றார். மாளிகையை மட்டும் 1891இல் ஸ்பெயின் அரசிடம் ஒப்படைத்தார். அக்கூரை இன்று பெர்லினில் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தில் உள்ளது. கர்னாத்தாவில் அதே அறையில் அண்ணாந்து பார்ப்பவர் காண்பது அதன் நகலையே.