களப் பெயர் வினவல் முன்னனுப்பல்

களப் பெயர் வினவல் முன்னனுப்பல் என்பது, ஒரு டி.என்.எஸ். வழங்கி தன்னிடம் விடை இல்லாத வினவல்களைத் தானே தேடாமல் மற்றொரு வழங்கிக்கு அனுப்பி, விடையைப் பெற்றுத் தரும் முறையாகும். நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றின் உள் வலையமைப்புகளில் இது பரவலாகப் பயன்படுகிறது. களப் பெயர் முறைமையின் அடிப்படை வரையறைகள் 1987 ஆம் ஆண்டு பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்.எஃப்.சி. 1034, 1035 ஆகிய ஆவணங்களில் வெளியாயின.

செயற்படும் முறை

பயனர் கணினி ஒரு பெயரைக் கேட்கும்போது உள் வழங்கி முதலில் தன் பதிவுகளையும், பின்னர் இடைநினைவகத்தையும் பார்க்கும். இரண்டிலும் இல்லையெனில் வினவலை மேல்நிலை வழங்கிக்கு அனுப்பும். குறிப்பிட்ட களப் பெயர்களை மட்டும் தனி வழங்கிக்கு அனுப்புவது நிபந்தனை முன்னனுப்பல் எனப்படும்.

பைண்டு மென்பொருளில் இதற்கு இரு நிலைகள் உள்ளன. 'முன்னனுப்பல் மட்டும்' என்னும் நிலையில் மேல்நிலை வழங்கி விடை தராவிட்டால் தேடல் தோல்வியடையும். 'முன்னனுப்பல் முதலில்' என்னும் நிலையில், உள் வழங்கி அதன்பின் வேர் வழங்கிகளிடமிருந்து தானே தேடத் தொடங்கும். வேறு அமைப்பு தரப்படாதபோது இரண்டாவது நிலையே செயற்படும்.

பழுதறிதல்

முதலில் உள் வழங்கியில் இருந்தவாறே, டிக் போன்ற கருவியால் மேல்நிலை வழங்கியை நேரடியாக வினவ வேண்டும். அங்கு விடை கிடைத்து, உள் வழங்கி வழியாகக் கிடைக்காவிட்டால் பழுது பெரும்பாலும் உள் வழங்கியின் அமைப்பிலேயே இருக்கும். அடுத்து, விடைக் குறியீட்டைக் கவனிக்க வேண்டும்.

* விடையின்மை: தீச்சுவர் 53 ஆம் துறையைத் தடுத்திருக்கலாம். யு.டி.பி. திறந்து டி.சி.பி. மூடியிருந்தால் சிறிய விடைகள் வரும்; பெரிய விடைகள் வாரா. யு.டி.பி. வழியான விடையின் தொடக்ககால வரம்பு 512 பைட்டுகள்; வரம்பை மீறும் விடை துண்டிக்கப்பட்டு, வினவல் டி.சி.பி. வழியாக மீண்டும் அனுப்பப்படும்.
* குறியீடு 5 (மறுப்பு): மேல்நிலை வழங்கி, உள் வழங்கியின் முகவரிக்குச் சுழல்நிலைத் தேடலை அனுமதிக்கவில்லை.
* குறியீடு 2 (வழங்கித் தோல்வி): இரு வழங்கிகள் ஒன்றுக்கொன்று வினவலை அனுப்பிக்கொள்ளும் வளையம் ஒரு காரணம். டி.என்.எஸ்.செக் சரிபார்ப்புத் தோல்வி மற்றொன்று. சரிபார்ப்பை நிறுத்திக் கேட்டவுடன் விடை வந்தால் காரணம் பிந்தையதே.
* குறியீடு 3 (பெயர் இல்லை): பெயர் உண்மையிலேயே இல்லாதிருக்கலாம், அல்லது வினவல் தவறான வழங்கியைச் சென்றடைந்திருக்கலாம்.

வினவல் கசிவு

'முன்னனுப்பல் முதலில்' நிலையில் மேல்நிலை வழங்கி சிறிது நேரம் செயலிழந்தாலும், நிறுவனத்தின் உட்பெயர்கள் வெளி இணையத்தில் வினவப்படும். இதனால் உட்பெயர்கள் வெளியாருக்குத் தெரியவரலாம். மேலும், அங்கிருந்து வரும் 'பெயர் இல்லை' என்ற விடை இடைநினைவகத்தில் தங்கிவிடும். எனவே மேல்நிலை வழங்கி மீண்ட பின்னரும், இயங்கிக்கொண்டிருக்கும் கணினி இல்லாதது போலவே தோன்றும். எதிர்மறை விடைகளைச் சேமிக்கும் முறையை 1998 இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2308 வரையறுக்கிறது. பைண்டு மென்பொருளின் இயல்பு அமைப்பில் இதன் உச்ச வரம்பு 10,800 நொடிகள், அதாவது 3 மணி நேரம் ஆகும்.

உட்பெயர்களுக்கு 'முன்னனுப்பல் மட்டும்' நிலையை அமைப்பதும், இரண்டு மேல்நிலை வழங்கிகளைக் குறிப்பிடுவதும் இதைத் தவிர்க்கும் வழிகளாகும். பழுது நீங்கிய பின் இடைநினைவகத்தை வெறுமையாக்குதல் வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* களப் பெயர் முறைமை
* வேர் வழங்கி
* தீச்சுவர்