நோவா ஸ்கோசியாவின் இணையக் காப்புச் சட்டம்

சிறுவரை அச்சுறுத்தலும் இழித்துரைத்தலும் மனித சமுதாயத்துக்குப் புதியனவல்ல. ஆயின், முற்காலத்திற் பெரும்பாலும் பள்ளிக்கூட வாயிலோடு நின்ற அத்துன்பம், இணையம் பரவிய பின்னர் வீட்டினுள்ளும் புகுந்து இரவிலும் ஓயாது தொடர்வதாயிற்று. இத்தீங்கைச் சட்டத்தினால் தடுக்க முற்பட்ட அரசுகளுள், கனடாவின் கிழக்குக் கரை மாகாணமாகிய நோவா ஸ்கோசியாவின் வரலாறு சிறப்பாக ஆராயத்தக்கது.

அம்மாகாண அரசு 2011ஆம் ஆண்டிலே சட்டப் பேராசிரியர் வெயின் மக்கேயின் தலைமையில் ஒரு செயற்குழுவை நிறுவியது. 2012இல் வெளிவந்த அதன் அறிக்கை 85 விதப்புரைகளைக் கொண்டிருந்தது. மதிப்பும் பொறுப்பும் வாய்ந்த உறவுகளை வளர்த்தலே இதற்கு அடிப்படை என்பதை அவ்வறிக்கையின் தலைப்பே உணர்த்திற்று. சட்டம் மட்டும் போதாது. பெற்றோர், ஆசிரியர், மாணவர், அயலார் யாவரும் இக்கடமையிற் பங்குடையர் என்பது அதன் துணிபு.

2013 ஏப்ரலில் 17 வயதுப் பெண்ணொருத்தியின் மரணம் நாட்டையே உலுக்கியது. அவளுடைய நிழற்படமொன்று மாணவரிடையே பரப்பப்பட்டிருந்தது. ஏளனமும் இடையறாது தொடர்ந்திருந்தது. மக்களின் துயரும் சினமும் அரசை விரைந்து இயங்கச் செய்தன. அடுத்த மாதமே இணையக் காப்புச் சட்டம் நிறைவேறிற்று. முறைப்பாடுகளை விசாரித்தற்குத் தனிப்பிரிவொன்றும் அமைக்கப்பட்டது.

விரைவிற் பிறந்த அச்சட்டத்திற் குறைகள் இருந்தன. எதிர்த்தரப்பினருக்கு முன்னறிவித்தல் இன்றியே காப்புக் கட்டளை பெற அஃது இடமளித்தது. தீய நோக்கமின்றி எழுதப்பட்டதாயினும், உண்மையேயாயினும், பிறர் மனத்தை நோகச்செய்யும் உரை அதன் வரைவிலக்கணத்துள் அடங்கக்கூடியதாயிருந்தது. ஈற்றில், சிறுவர்பொருட்டு எழுந்த சட்டம், முன்னர் வணிகப் பங்காளிகளாயிருந்த வளர்ந்தோர் இருவரின் பிணக்கிலே வீழ்ந்தது. கருத்து வெளியீட்டுச் சுதந்திரத்துக்கு முரணானதென மாகாண உயர் நீதிமன்றம் 2015 டிசெம்பரில் அதனை முற்றாகச் செல்லுபடியற்றதாக்கியது. அதன் பின்னர் ஈராண்டுக்கு மேலாக அம்மாகாணத்துப் பிள்ளைகள் அத்தனிக்காப்பின்றி இருந்தனர்.

2017இல் இயற்றப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், தீங்கு செய்யும் நோக்கத்தையோ விளைவைப் பொருட்படுத்தாமையையோ குற்றச்சாட்டின் கூறாக்கியது. எதிர்த்தரப்பினரின் சொல்லையும் கேட்க வழிசெய்தது. தனிப்பிரிவின் பணியும் பெரிதும் அறிவூட்டலையும் இணக்கப்படுத்தலையும் நோக்கித் திரும்பிற்று. பிள்ளைகளைக் காக்கும் சட்டம் நீதிமன்றத்தில் நிலைபெறாதொழியின், அதன் இழப்பு முதலில் அப்பிள்ளைகளையே சாரும். ஆதலின், இரக்கத்தினால் எழும் சட்டத்துக்கும் நிதானம் வேண்டும். சட்டம் தளர்ந்த வேளையிலும் தளராதிருக்கவேண்டியது இல்லத்திலும் கல்லூரியிலும் பெரியோர் கொள்ளும் விழிப்பேயாம்.