கடவுச்சொல்லை யாரிடம் ஒப்படைப்பது?

வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைப்பது என்பது முந்தைய தலைமுறையின் கவலை. இன்று நம்மிடம் இருப்பது ஒரு சாவியன்று. மின்னஞ்சல், வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், மின்கட்டணம், ரயில் முன்பதிவு என ஒவ்வொன்றுக்கும் ஒரு கடவுச்சொல் தேவைப்படுகிறது. அத்தனையையும் நினைவில் வைத்திருப்பது எளிதன்று.

மனிதனின் பகுத்தறியும் ஆற்றல் வரம்புக்குட்பட்டது என்பதை வலியுறுத்தி, 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பெற்றவர் ஹெர்பர்ட் சைமன். அந்த வரம்பைக் கடவுச்சொல்லில் தெளிவாகக் காணலாம். நினைவுக்கு எளிது என்பதற்காகப் பேரக்குழந்தையின் பெயரையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து, எல்லாக் கணக்குகளுக்கும் அதையே பயன்படுத்துகிறோம். ஓரிடத்தில் அது களவுபோனால் எல்லாக் கதவுகளும் திறந்துகொள்ளும்.

இந்தச் சுமையைக் குறைக்கவே, பிரௌசர் எனப்படும் இணைய உலாவிகள் தாமாக உள்நுழையும் வசதியைத் தருகின்றன. இது இரு வகைப்படும். முதலாவது, குக்கீ. ஒருமுறை உள்நுழைந்ததும் இணையதளம் தரும் அடையாளச் சீட்டு இது. மறுமுறை செல்லும்போது உலாவி அச்சீட்டைக் காட்டுவதால் கடவுச்சொல் கேட்கப்படுவதில்லை. 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மாண்டுல்லி இதனை உருவாக்கினார். இரண்டாவது, உலாவியே கடவுச்சொல்லைச் சேமித்துவைத்து, உரிய பக்கம் திறந்ததும் நிரப்பித் தருவது. குரோம், ஃபயர்பாக்ஸ், எட்ஜ் ஆகியவற்றில் முதன்முறை உள்நுழைகையில் 'சேமிக்கவா?' என்று கேட்கப்படும், இசைவளித்தால் போதும். சேமித்தவற்றை அமைப்புகள் பகுதியில் பார்க்கலாம், திருத்தலாம், நீக்கலாம்.

இவ்வசதியில் பலரும் அறியாத நன்மை ஒன்றுண்டு. உலாவி, பக்கத்தின் தோற்றத்தைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கிறது. வங்கியின் பக்கத்தைப் போலவே போலி ஒன்றை உருவாக்கி நம்மை ஏமாற்றலாம். முகவரி வேறுபட்டால் உலாவி கடவுச்சொல்லை நிரப்பாது. வழக்கமாக நிரம்பும் இடம் வெறுமையாக இருந்தால், அதை எச்சரிக்கையாகக் கொண்டு முகவரியைச் சரிபார்ப்பது நல்லது.

ஆனால், சாவி பூட்டிலேயே தொங்கினால் காவல் எதற்கு? திறந்து கிடக்கும் கணினியின் முன் யார் அமர்ந்தாலும் உலாவிக்கு அவர் உரிமையாளரே. சில ஆண்டுகளுக்கு முன் வெளியூரில் ஓர் இணைய மையத்தில் மின்னஞ்சல் பார்த்துவிட்டு, சாளரத்தை மட்டும் மூடிவிட்டு வந்துவிட்டேன். வெளியேறவில்லை என்பது இரவில்தான் நினைவுக்கு வந்தது. கைப்பேசி வழியே கடவுச்சொல்லை மாற்றும்வரை உறக்கமில்லை. மற்ற கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றும் இணைப்புகள் மின்னஞ்சலுக்கே வருவதால், அதுவே தலைமைச் சாவி.

எனவே, சில நெறிகள் இன்றியமையாதவை. பொதுக் கணினியில் எதையும் சேமிக்கக் கூடாது. தனிமறைவுச் சாளரத்தைப் பயன்படுத்தி, முறையாக வெளியேற வேண்டும். சொந்தக் கணினிக்கும் கைப்பேசிக்கும் திரைப்பூட்டு வேண்டும். ஃபயர்பாக்ஸில், சேமித்தவை அனைத்தையும் காக்கும் முதன்மைக் கடவுச்சொல்லை அமைக்கலாம். மின்னஞ்சலுக்கும் வங்கிக்கும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு கட்டாயம். பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்துவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்.

முதியோர் எண்ண வேண்டிய இன்னொன்றும் உண்டு. எல்லாவற்றையும் கணினியே நினைவில் வைத்திருக்க, அக்கணினியைத் திறக்கும் சொல் ஒருவர் நெஞ்சில் மட்டுமே இருந்தால், அவருக்குப் பின் குடும்பம் தவித்துப்போகும். எந்தெந்தக் கணக்குகள் உள்ளன என்ற பட்டியலை உயிலோடு வைத்து, நியமனதாரர் பெயரையும் பதிவு செய்துவிடுவது கடமை.

நினைவின் சுமையை இயந்திரத்திடம் இறக்கிவைக்கலாம். பொறுப்பை இறக்கிவைக்க இயலாது!