தன் இரத்தம் தனக்கே: மருத்துவ வரலாறும் மனச்சாட்சியும்

அறுவை மருத்துவத்தின்போது சிந்தும் இரத்தத்தைச் சேகரித்து நோயாளிக்கே திரும்பச் செலுத்தும் முறை நூறாண்டுகளுக்கும் முற்பட்டது. பிள்ளைப்பேற்றில் இரத்தம் பெருகி மாளும் தாய்மாரைக் கண்டு வருந்திய ஜேம்ஸ் பிளண்டெல், 1818இல் லண்டனில் மனித இரத்தத்தை நோயாளி ஒருவருக்குச் செலுத்தினார். ஆயினும் பிறருடைய இரத்தம் சிலரைப் பிழைக்கச் செய்தது, சிலரை மாய்த்தது. 1901இல் லாண்ட்ஸ்டைனர் இரத்த வகைகளை வெளிப்படுத்தும்வரை காரணம் விளங்கவில்லை.

அதற்கு முன்பே எடின்பரோ நகர மருத்துவர் ஜான் டங்கன், இரயில் விபத்தில் நசுங்கிய கால்களை அகற்றியபோது வடிந்த இரத்தத்தைச் சோடியம் பாஸ்பேட்டுடன் கலந்து அந்நோயாளிக்கே செலுத்திக் காப்பாற்றினார். இதனை 1886இல் வெளியிட்டார். 1914இல் ஜெர்மானியரான தீஸ், கருப்பைக்குப் புறம்பே கரு தங்கி வெடித்த பெண்களின் வயிற்றில் தேங்கிய இரத்தத்தை அவர்களுக்கே அளித்தார். பின்னர் இரத்த வங்கிகள் பெருகவே இம்முறை பின்தங்கியது. 1970களில் இரத்தத்தை உறிஞ்சி, வடித்து, சுழற்றி, உப்புக்கரைசலால் கழுவும் இயந்திரங்கள் வந்தன. 1980களில் எய்ட்ஸ் அச்சம் இதற்கு மேலும் மதிப்பளித்தது.

திருச்சபைக்கு இதில் அக்கறை உண்டு. ஆதியாகமம் 9, லேவியராகமம் 17, அப்போஸ்தலர் 15 ஆகிய அதிகாரங்களைக் காட்டி, 1945 முதல் யெகோவா சாட்சிகள் இரத்தமேற்றுதலை மறுத்து வருகின்றனர். முன்னரே எடுத்துச் சேமித்த தம் இரத்தத்தையும் அவர்கள் நெடுங்காலம் ஏற்காதிருந்தனர். ஆனால் உடலோடு தொடர்பு அறாத குழாய்வழியே திரும்பும் இரத்தத்தை அவர்களுள் பலர் ஏற்கின்றனர். அது தனிமனிதரின் மனச்சாட்சிக்கு விடப்பட்டுள்ளது.

அவர்களுடைய விளக்கத்தை நாம் ஏற்பதற்கில்லை. அவ்வசனங்கள் இரத்தத்தைப் புசித்தலைப் பற்றியவை. எருசலேம் ஆலோசனைச் சங்கமோ யூதரும் புறஜாதியாரும் ஒரே பந்தியில் அமர வழிதேடியது. உயிர் காக்க இரத்தம் ஏற்றுதல் புசித்தலன்று. எனினும் ரோமர் 14இல் பவுல் கற்பித்தபடி, மாறுபட்ட மனச்சாட்சியை இகழ நமக்கு உரிமையில்லை. அதனைக் கேட்டறிந்து, அதற்குட்பட்டே உயிர்காக்க முயலும் மருத்துவர் நற்பணி செய்கிறார்.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. கழுவப்பட்டுத் திரும்புவன செவ்வணுக்கள் மட்டுமே. இரத்தம் உறைவதற்குரிய கூறுகள் நீங்கிவிடுகின்றன. மிகுதியாக இரத்தம் இழந்தவருக்கு அவற்றைப் பிறரே ஈய வேண்டும். ஆதலால் தன் இரத்தம் தனக்குத் திரும்பும் இக்காலத்திலும், அயலானுக்காக இரத்ததானம் செய்யும் கடமையினின்று நம் சபையார் விடுபட்டவரல்லர்.