மரியாதைக்குரிய இருவர்

மரண விசாரணை என்றால் இன்று நமக்குப் போலீஸ்காரரும் பெரியாஸ்பத்திரிப் பிணவறையும்தான் நினைவுக்கு வரும். ஒரு காலத்தில் இதற்கென்றே கொரோனர் என்ற தனி அதிகாரி சென்னையில் இருந்தார். 1871ஆம் ஆண்டுச் சட்டம் கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்குத் தனித்தனிக் கொரோனர்களை ஏற்படுத்தியது. கொலை, தற்கொலை, விபத்து, காரணம் தெரியாத திடீர்ச் சாவு, சிறைச் சாவு என்று எதுவானாலும் அவர் ஜூரிகளைக் கூட்ட வேண்டும். எல்லோரும் பிணத்தை நேரில் பார்த்தாக வேண்டும். பிறகு சாட்சிகளைக் கேட்டு, சாவுக்கு இன்னது காரணம் என்று முடிவு சொல்ல வேண்டும். சென்னையில் இந்தப் பதவி 1889இல் ஒழிந்தது. பம்பாயில் 1999 வரை நீடித்தது.

நம் கிராமங்களுக்குக் கொரோனர் வந்ததே இல்லை. அங்கே போலீஸே விசாரித்தது. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, அக்கம்பக்கத்தில் குடியிருக்கும் ‘மரியாதைக்குரிய’ இருவராவது முன்னிலையில் பிணத்தின் காயங்களைப் பார்த்து அறிக்கை எழுதச் சொல்கிறது. நாம் நின்று பார்க்க வேண்டியது இந்த ஒரு சொல்லைத்தான். யார் மரியாதைக்குரியவர் என்று சட்டம் சொல்லவில்லை. ஊர் சொன்னது: கிராம முன்சீப், கணக்கப்பிள்ளை, மிராசுதார். சேரிக்காரர் ஒருவர் ஊர்க் கிணற்றில் மிதந்தாலும், ‘தவறி விழுந்தார்’ என்பதற்குக் கீழே கையெழுத்துப் போடுகிறவர்கள் ஊர்த் தெருக்காரர்களாகவே இருந்தார்கள். அடித்தவனுடைய பங்காளியாகவும் இருக்கலாம். சட்டத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

பிணத்தை இரவெல்லாம் நாய் நரி அண்டாமல் காத்தது யார்? கட்டைவண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது யார்? வெட்டியான், தோட்டி என்று ஊர் பெயர் வைத்த நம் முன்னோர்கள். பிணவறையில் உளியும் சுத்தியலும் பிடித்து மண்டையோட்டைத் திறந்தவர்களும் பெரும்பாலும் அவர்கள் பிள்ளைகளே. டாக்டர் தள்ளி நின்று பார்ப்பார், குறிப்பெடுப்பார். காயத்தை மிக அருகில் பார்த்த கண்கள் இவர்களுடையவை. ஆனால் பிரேதப் பரிசோதனைச் சான்றிதழில் பிணத்தோடு வந்த காவலரின் எண் இருக்கும். தூக்கி வந்தவர் பெயர் இருக்காது.

1973ஆம் ஆண்டுச் சட்டமும் 2023ஆம் ஆண்டுச் சட்டமும் அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொண்டன. பிரிவின் எண்தான் 194 ஆகியிருக்கிறது. 2005ஆம் ஆண்டுத் திருத்தம் லாக்கப் சாவுகளை நீதித்துறை நடுவரே விசாரிக்க வேண்டும் என்றது. அது பெரிய மாற்றம்தான். வயல் வரப்பில் கிடக்கும் பிணத்துக்கு மட்டும் இன்னும் அந்த இரண்டு கையெழுத்துகள். இப்போது சில இடங்களில் நம் ஆட்களையும் பஞ்சாயத்தாராகச் சேர்க்கிறார்கள். நம் இளைஞர்கள் சிலர், காயங்களை எழுதியிருக்கும் பத்தியை முதலில் வாசித்துக் காட்டச் சொல்கிறார்கள். பேனாவை அதற்குப் பிறகுதான் வாங்குகிறார்கள்.