பென்சில் முகம் பிறந்த கதை

காந்தி, பாரதி, காமராஜர் என்று பென்சிலில் முகம் வரையப் பழகுகிறவர்களின் டப்பாவைத் திறந்தால் எச்பி, 2பி, 4பி, 6பி என்று வரிசையாகக் கிடக்கும். மூக்கின் ஓரத்துக்கு ஒன்று, மீசைக்கு ஒன்று. கருப்பு நிறத்தை இப்படித் தரம் தரமாகப் பிரிக்க வழி செய்தது ஒரு போர்.

16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் பள்ளத்தாக்கில் சுத்தமான கிராஃபைட் கட்டி கட்டியாகக் கிடைத்தது. ஆடுகளுக்கு அடையாளம் போட்டார்கள். பிறகு அறுத்து, மரத்துக்குள் செருகி எழுதினார்கள். பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுக்கும் அது உதவியதால் விலை ஏறியது, கூடவே திருட்டும். அதைத் தடுக்க 1752-ல் பாராளுமன்றம் தனிச் சட்டமே போட்டது.

1793-ல் பிரான்சுக்கும் இங்கிலாந்துக்கும் போர் மூண்டதும் பாரிசுக்கு இந்தச் சரக்கு வருவது நின்றது. படை நடத்துகிறவனுக்கும் பென்சில் வேண்டுமே. மாற்று கண்டுபிடிக்கும் வேலை நிக்கோலா ஜாக் கோன்டேயிடம் வந்தது. இளவயதில் மனித முகங்களை வரைந்து பிழைத்தவர் அவர். பின்னர் பலூன் ஆராய்ச்சியில் வாயு வெடித்து ஒரு கண் போயிற்று. மட்டமான கிராஃபைட்டைப் பொடித்து, களிமண்ணோடு பிசைந்து, குச்சியாக்கிச் சூளையில் சுட்டார். களிமண் கூடினால் குச்சி கெட்டியாகிக் கோடு வெளிறும். குறைந்தால் மெத்தென்று கருக்கும். 1795-ல் காப்புரிமை வாங்கினார். கருப்பின் அளவு மனிதன் கைக்கு வந்துவிட்டது. நம் டப்பாவில் இருப்பதும் அதே கலவைக் கணக்குதான்.

இரண்டு வருடம் கழித்து மோந்தோபான் ஊரில் பிறந்த ஒரு பையன் பாரிசுக்கு ஓவியம் படிக்க வந்தான். பெயர் ஆங்கர். 1806-ல் ரோம் போனார், அங்கேயே தங்கிவிட்டார். 1815-ல் நெப்போலியன் விழுந்ததும், அவருக்கு வேலை கொடுத்துவந்த பிரெஞ்சு அதிகாரிகள் மூட்டை கட்டினார்கள். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். அமைதி திரும்பிய இத்தாலியைச் சுற்றிப் பார்க்க ஆங்கிலேயக் கனவான்கள் வந்து குவிந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பென்சிலில் வரைந்து கொடுத்துக் காசு பார்த்தார்.

அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. ‘சின்னச் சின்னப் படம் வரைகிறவர் வீடு இதுதானா?’ என்று யாரோ வாசலில் கேட்க, ‘இல்லை, இங்கே இருப்பவர் ஓவியர்’ என்று திருப்பி அனுப்பினார் என்றொரு கதை உண்டு. ராமாயணம், மகாபாரதம் போன்ற பெரிய விஷயங்களை வரைந்தால்தான் ஓவியன் என்று நினைத்த காலம் (அவர்களுக்குக் கிரேக்கப் புராணம்). பாவம், அவர் மதிக்காத அந்தத் தாள்களுக்காகத்தான் இன்று அருங்காட்சியகங்கள் பெருமைப்படுகின்றன. நானூறுக்கு மேல் இருக்கின்றன.

லூவரில் இருக்கும் பாகனினி படத்தைச் சொல்ல வேண்டும். 1819-ல், ரோமில் வரைந்தது. வயலின் மேதை வாத்தியமும் வில்லுமாக நிற்கிறார். முகத்தில் பென்சில் தேய்ந்த இடமே தெரியாத மெல்லிய நிழல். கண் இமை, உதட்டு வளைவு எல்லாம் கூராகச் சீவிய முனையின் வேலை. கழுத்துக்குக் கீழே வந்தால் ஆள் மாறிவிட்டாரோ என்று தோன்றும். கோட்டும் துணி மடிப்பும் வேகமான வெறும் கோடுகள். ஆங்கரும் வயலின் வாசிப்பவர், சிறு வயதில் துலூஸ் இசைக்குழுவில் வாசித்தவர். அதனால்தானோ என்னவோ வாத்தியத்தைப் பிடித்திருக்கும் விரல்களில் பொய் இல்லை.

நம்மில் பலர் புகைப்படத்தின் மேல் கட்டம் போட்டு, பாரதியின் மீசைக்குச் செலவழித்த அதே உழைப்பைத் தலைப்பாகையின் ஒவ்வொரு மடிப்புக்கும் கோட்டின் பொத்தானுக்கும் செலவழிக்கிறோம். கட்டத்தில் குற்றமில்லை, அளவு பழக அது நல்ல வழி. ஆனால் எல்லா இடமும் ஒரே அழுத்தமாகிவிட்டால் பார்க்கிறவன் கண் எங்கே போய் உட்காரும்? துணியை மூன்று கோட்டில் விட்டுவிடும் தைரியத்தை ஆங்கரிடம்தான் படிக்க வேண்டும்.

1824-ல் ஒரு பெரிய பக்திப் படம் பாரிசில் அவருக்குப் புகழைக் கொண்டுவந்தது. பிறகு காசுக்குப் பென்சில் முகம் வரைவதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்; நண்பர்களுக்கு மட்டும் வரைந்து கொடுத்தார். 1839-ல் டாகேர் என்பவரின் கேமரா அறிவிக்கப்பட்டதும், முகம் வரைந்து பிழைத்த மற்றவர்களின் தொழிலும் மெல்ல மெல்லப் படுத்தது.